டிவி விளையாட்டைக் கைக்குள் கொண்டு வந்தவர்!

குழந்தைகளே! லீவு நாளில் அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி செல்போனை வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து கேம் விளையாடுகிறீர்கள் அல்லவா? பஸ்ஸில் போகும்போதும் விளையாடுகிறீர்கள். கடற்கரைச் சாலைக்குக் காற்று வாங்கப் போனாலும், கடலைப் பார்க்காமல் போனைப் பார்க்கும் பிள்ளைகள் சிலர் உண்டு.

உங்கள் அப்பாவோ, சித்தப்பாவோ சிறுவராக இருந்தபோது இப்படி நினைத்த இடத்தில் விளையாட முடியாது. வீடியோ கேம் என்றால் ஒரு பெட்டி. அதன் ஒரு வயரை டிவிக்குப் பின்னால் சொருக வேண்டும். இன்னொரு வயரை கரண்ட் பிளக்கில் சொருக வேண்டும். மேலே கேசட்டை அழுத்தி வைக்க வேண்டும். இத்தனையும் செய்து முடிக்கும்போது, பாட்டி வந்து நாடகம் பார்க்க வேண்டும் என்று சொல்லி விட்டால் போச்சு! ஆட்டம் அவ்வளவுதான். கரண்ட் போனாலும் அவ்வளவுதான்.

நம் புதுச்சேரியில் ஞாயிறுதோறும் மகாத்மா காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடுகிறதே, அங்கே பழைய சாமான் விரித்திருக்கும் கடைகளில் கொஞ்சம் குனிந்து தேடிப் பாருங்கள். ரேடியோ, கடிகாரம், சார்ஜர் குவியலுக்குள் இப்படிப்பட்ட விளையாட்டுப் பெட்டி ஒன்று கிடந்தாலும் கிடக்கும்.

உலகத்தில் சில பேருக்கு அந்தப் பழைய பெட்டிகள் மேல் தீராத ஆசை. டிவியில் மாட்டி விளையாட வேண்டிய பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை எடுத்து, அதைச் சிறியதாக்கி, ஒரு குட்டித் திரையும் பேட்டரியும் பொருத்தி, கையில் பிடித்து விளையாடும் கருவியாக மாற்றி விடுகிறார்கள். அமெரிக்காவில் பென் ஹெக்கண்டார்ன் என்பவர் 2000ம் ஆண்டில், 'அட்டாரி 2600' என்ற 1977ம் ஆண்டுப் பெட்டியை இப்படிக் கையடக்கமாக மாற்றிக் காட்டினார். அதைப் பார்த்துப் பல நாடுகளிலும் பலர் கிளம்பி விட்டனர். (வீட்டில் இருப்பதை நீங்கள் பிரித்துப் போட்டுவிட்டு, இந்தத் தாத்தாதான் எழுதினார் என்று என்னை மாட்டி விடாதீர்கள்!)

இந்த வேலையில் இறங்குகிற எல்லாரும் ஒரே மாதிரியான சிக்கல்களில்தான் மாட்டுகிறார்கள். பெரிய டிவி திரைக்குப் பதில் எந்தச் சின்னத் திரையை வைப்பது? சுவர் பிளக்கிலிருந்து வரும் கரண்டுக்குப் பதில் பேட்டரி போட்டால், அது எத்தனை மணி நேரம் தாங்கும்? பெட்டி சின்னதானால் உள்ளே சூடு ஏறுமே, அதை என்ன செய்வது? எதை வைத்துக் கொள்வது, எதை விட்டு விடுவது?

இந்தக் கேள்விகளோடு ஜப்பானில் ஒருவர் பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றார். அவர் பெயர் குன்பெய் யோகோய். 'கேம் பாய்' என்ற புகழ்பெற்ற கைக்கருவியை உருவாக்கிய குழுவின் தலைவர். அவர் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

யோகோய், 1941 செப்டம்பர் 10ம் தேதி கியோட்டோ நகரில் பிறந்தார். அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தார். படிப்பில் அவர் முதல் மாணவர் அல்ல. பெரிய பெரிய மின்சாதனக் கம்பெனிகளுக்கு வேலை கேட்டு விண்ணப்பித்தார். ஒன்றிலும் வேலை கிடைக்கவில்லை. கடைசியில், வீட்டுக்குப் பக்கமாக உள்ளூரிலேயே இருக்கிறதே என்று ஒரு கம்பெனியில் 1965ம் ஆண்டு சேர்ந்தார். அதுதான் நிண்டெண்டோ.

நிண்டெண்டோ என்றதும் மரியோ பொம்மை நினைவுக்கு வருகிறதா? அப்போது மரியோவும் இல்லை, வீடியோ கேமும் இல்லை. அது சீட்டுக்கட்டு செய்யும் கம்பெனி! 1889ம் ஆண்டிலிருந்தே பூக்கள் வரைந்த ஜப்பானியச் சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்று வந்தது. அந்தச் சீட்டுகளைச் செய்யும் இயந்திரங்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துக் கொள்வதுதான் நம் யோகோய்க்குக் கொடுத்த வேலை.

மின்பொறியியல் படித்தவருக்குச் சீட்டு இயந்திரத்தைக் காவல் காக்கும் வேலை! இயந்திரம் நன்றாக ஓடினால் அவருக்கு வேலையே இல்லை. நேரம் போகவில்லை. அங்கே லேத் இயந்திரம் இருந்தது. ஓய்வு நேரத்தில் அதில் ஏதாவது கடைந்து கொண்டிருப்பார்.

அப்படி ஒரு நாள் ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார். கடைகளின் வாசலில் பக்கவாட்டில் இழுத்தால் விரிந்து, தள்ளினால் மடங்குகிற இரும்புக் கதவு பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் இணைந்திருக்குமே, அதே அமைப்புதான். இந்தப் பக்கம் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்தால், அந்தப் பக்கம் பட்டைகள் சரசரவென்று நீண்டு போய்த் தூரத்தில் இருக்கும் பொருளைக் கவ்விப் பிடிக்கும். நீண்ட செயற்கைக் கை என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

வேலை நேரத்தில் அவர் அதை வைத்து விளையாடிக் கொண்டிருந்ததை, கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சி பார்த்து விட்டார். மிகவும் கண்டிப்பானவர். தன் அறைக்கு வரும்படி கூப்பிட்டனுப்பினார். தொலைந்தோம், வேலை போகப் போகிறது என்று நினைத்தபடிதான் யோகோய் உள்ளே போயிருப்பார். யமவுச்சியோ திட்டவில்லை. அந்தக் கையை விற்பனைக்கு ஏற்ற பொம்மையாகச் செய்து தரச் சொன்னார்!

'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் அது 1966ம் ஆண்டு கடைக்கு வந்தது. 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. சீட்டு இயந்திரம் காத்தவர், அன்றிலிருந்து பொம்மை செய்பவர் ஆனார்.

அதன் பிறகு வரிசையாகப் பொம்மைகள். வீட்டுக்குள்ளேயே மட்டை பிடித்து விளையாட, மெத்தென்ற பந்தைத் தானே எறியும் கருவி ஒன்று. இரண்டு பேர் கை கோத்துக் கொண்டு ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் முள் நகர்ந்து காட்டும் கருவி ஒன்று. இந்த இரண்டாவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நம் உடம்பு வழியே மிகச் சிறிதளவு மின்சாரம் போகும். கை வியர்த்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அதை அளக்கிற சாதாரண மீட்டர்தான். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மீட்டரை வைத்தே நாலு பேரைச் சிரிக்க வைக்க முடியும் என்று கண்டுபிடித்தார், பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் 1972ம் ஆண்டு செய்த ரிமோட் கார். அந்தக் காலத்தில் ரிமோட் கார் என்றால் யானை விலை. இடது பக்கம் திரும்ப, வலது பக்கம் திரும்ப, முன்னே போக என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சிக்னல் வேண்டும் என்பதால், உள்ளே நிறையப் பாகங்கள். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எட்டாக்கனி. யோகோய் யோசித்தார். வட்டப் பாதையில்தானே பந்தயம் விடப் போகிறார்கள்? வட்டத்தைச் சுற்றி வர ஒரு பக்கம் திரும்பினாலே போதுமே! நேராக ஓடும்; பொத்தானை அழுத்தினால் இடது பக்கம் மட்டும் திரும்பும். வலது பக்கம் திரும்பவே திரும்பாது. அப்படி ஒரு காரைச் செய்து, குறைந்த விலைக்கு விற்றார்.

பாதிக் கார் என்று சிலர் சிரித்திருக்கலாம். ஆனால், வாங்கிய பிள்ளைக்குப் பந்தயம் விட ஒரு கார் கிடைத்ததே! இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இந்த இடது பக்கக் கார்தான் பின்னால் கேம் பாயாக வரப் போகிறது.

யோகோய்க்கு ஒரு கொள்கை இருந்தது. புத்தம் புதிதாக வந்த தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடக் கூடாது. எல்லாரும் பயன்படுத்திப் பழகி, விலை குறைந்து, குறைகள் எல்லாம் தெரிந்து விட்ட பழைய பொருளை எடுத்து, யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்த வேண்டும் என்பார். வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது என்று ஜப்பானிய மொழியில் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்.

1970களின் கடைசி. ஒரு நாள் யோகோய் புல்லட் ரயிலில் போய்க் கொண்டிருந்தார். அங்கே அலுவலகம் முடிந்து போகும் ஒருவர், பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டித் தட்டி விளையாடிக் கொண்டிருந்தார். கணக்கு எதுவும் போடவில்லை. சும்மா தட்டிக் கொண்டிருந்தார். பெரியவர்களுக்கும் பயணத்தில் பொழுது போக்க ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது, ஆனால் நாலு பேர் பார்க்கப் பொம்மையை எடுத்து விளையாட வெட்கமாக இருக்கிறது என்று யோகோய்க்குப் பட்டது. உள்ளங்கைக்குள் மறைகிற அளவில், மடிமேல் கை வைத்தபடி இரண்டு கட்டை விரலால் விளையாடும் கருவி ஒன்று செய்தால் என்ன?

இந்த யோசனை தலைவர் காதுக்குப் போனது ஒரு வேடிக்கையான கதை. யமவுச்சியிடம் ஓர் அமெரிக்கக் கார் இருந்தது. ஜப்பானில் நம் ஊரைப் போலவே சாலையின் இடப் பக்கம் போவார்கள். ஸ்டியரிங் வலப் பக்கம் இருக்கும். அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடப் பக்கம். அதை ஓட்டப் பழகியவர்கள் குறைவு. ஒரு நாள் டிரைவருக்கு உடம்பு சரியில்லை. வெளிநாட்டுக் கார் ஓட்டத் தெரிந்த யோகோயைக் கூப்பிட்டார்கள். தலைவருக்கு டிரைவராகப் போன யோகோய், சும்மா போவானேன் என்று போகும் வழியில் கால்குலேட்டர் அளவு விளையாட்டுக் கருவியைப் பற்றிச் சொல்லிக் கொண்டே போனார். தலைவர் பெரிதாக ஆர்வம் காட்டியதாகத் தெரியவில்லை.

ஆனால், யமவுச்சி போனது கம்பெனித் தலைவர்கள் கூடும் கூட்டத்துக்கு. அங்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஷார்ப் கம்பெனித் தலைவர். கால்குலேட்டர் செய்வதில் பேர் போன கம்பெனி அது! சில நாட்களில் ஷார்ப் கம்பெனியின் பெரிய அதிகாரிகள் நிண்டெண்டோவுக்கு வந்து நின்றார்கள். யோகோய் அசந்து போனார்.

கால்குலேட்டருக்கான சின்னத் திரைகள் அப்போது மலிவாகக் கிடைத்தன. அந்தத் திரை எப்படி வேலை செய்கிறது, தெரியுமா? கால்குலேட்டரில் 8 என்ற எண்ணை உற்றுப் பாருங்கள். ஏழு சின்னக் கோடுகள் இருக்கும். எல்லாக் கோடுகளும் முன்பே அங்கே இருக்கின்றன. எந்தக் கோட்டுக்கு மின்சாரம் போகிறதோ, அது கறுப்பாகத் தெரியும். நடுக்கோட்டை மட்டும் விட்டு விட்டால் 0. வலப் பக்கத்து இரண்டு கோடுகள் மட்டும் தெரிந்தால் 1. யோகோய், கோடுகளுக்குப் பதிலாகப் பொம்மைகளை வைத்தார். கை தூக்கிய மனிதன் ஓர் இடத்தில், பந்து ஓர் இடத்தில், அடுத்த பந்து இன்னோர் இடத்தில். ஒவ்வொன்றாகத் தெரிந்து மறைந்தால், பந்து பறப்பது போல நம் கண் ஏமாந்து போகும்!

1980 ஏப்ரல் 28ம் தேதி, 'கேம் அண்ட் வாட்ச்' வரிசையின் முதல் கருவி வந்தது. பந்துகளை மேலே எறிந்து பிடிக்கும் விளையாட்டு. விளையாடாத நேரத்தில் அது கடிகாரமாகவும் மணி காட்டும். அதனால்தான் அந்தப் பெயர். வெட்கப்படும் பெரியவர்களுக்காகச் செய்தார். குழந்தைகள் பிடுங்கிக் கொண்டார்கள். அந்த வரிசையில் மொத்தம் 4 கோடியே 34 லட்சம் கருவிகள் விற்றன. சீட்டுக்கட்டுக் கம்பெனியின் கடன் எல்லாம் அடைந்தது.

அதே வரிசையில் 1982ம் ஆண்டு, புத்தகம் போல மடிக்கும் கருவி ஒன்றைச் செய்யும்போது ஒரு தொல்லை வந்தது. 'டாங்கி காங்' என்ற விளையாட்டு. பொம்மை மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு பக்கமும் போக வேண்டும். கடைகளில் இருந்த பெரிய கேம் இயந்திரத்தில் இதற்கு கியர் கம்பி போல நீட்டிக் கொண்டிருக்கும் ஒரு பிடி உண்டு. மடிக்கும் கருவியில் அதை வைத்தால் மூடவே முடியாது. நாலு தனிப் பொத்தான் வைத்தாலோ, எது எந்தப் பக்கம் என்று குனிந்து குனிந்து பார்க்க வேண்டும். பார்ப்பதற்குள் பொம்மை செத்துப் போகும்.

யோகோய் கூட்டல் குறி வடிவத்தில் ஒரே பொத்தான் செய்தார். நடுவில் கட்டை விரலை வைத்தால் போதும். எந்தப் பக்கம் அழுத்துகிறோம் என்று விரலுக்கே தெரிந்து விடும். கண் திரையிலேயே இருக்கலாம். அடுத்த ஆண்டு, 1983ல், நிண்டெண்டோ டிவியில் மாட்டும் விளையாட்டுப் பெட்டியைக் கொண்டு வந்தபோது, அதன் கைப்பிடியிலும் இந்தக் கூட்டல் குறியே இடம்பிடித்தது. கேம் விளையாடும் கைப்பிடி உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இடது கட்டை விரல் பக்கம் அது இன்றும் இருக்கும்.

டிவிப் பெட்டி பெரிய வெற்றி. அதில் கேசட்டை மாற்றி மாற்றி எத்தனை விளையாட்டு வேண்டுமானாலும் ஆடலாம். ஆனால், வீட்டை விட்டு நகராது. கையடக்கக் கருவியோ எங்கும் வரும். ஆனால், ஒரு கருவிக்கு ஒரு விளையாட்டுதான். இரண்டையும் சேர்க்க முடியுமா? கேசட் மாற்றக்கூடிய டிவிப் பெட்டியைக் கைக்குள் கொண்டு வர முடியுமா? சடோரு ஒகாடா என்ற பொறியாளரும் மற்றவர்களும் அடங்கிய தன் குழுவோடு யோகோய் உட்கார்ந்தார்.

இங்கேதான் அந்த இடது பக்கக் கார் திரும்பி வருகிறது.

முதலில் திரை. இனி நிலையாக வரைந்த பொம்மைகள் உதவாது. ஒவ்வொரு கேசட்டுக்கும் வேறு வேறு படம் வர வேண்டுமே. நம் அம்மாக்கள் கோலத்துக்குப் புள்ளி வைப்பார்களே, அது போலத் திரை முழுக்கப் புள்ளி வைத்தார்கள். 160 புள்ளி, 144 வரிசை! மொத்தம் 23,040 புள்ளிகள். எந்தப் புள்ளி கறுக்க வேண்டும், எது வெளுக்க வேண்டும் என்று கருவிக்குள் இருக்கும் சிப் கட்டளையிடும். ஒவ்வொரு புள்ளியும் வெளிறிய பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நாலே சாயல்தான் காட்டும். வண்ணம் கிடையாது. திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது.

கம்பெனிக்குள்ளேயே பலருக்கு இது பிடிக்கவில்லை. வண்ண டிவியில் விளையாடிப் பழகிய பிள்ளை இந்தப் பாசி நிறத் திரையைச் சீந்துமா என்று கேட்டனர். நியாயமான கேள்விதான். யோகோய்க்கு வண்ணத் திரை பற்றித் தெரியாமல் இல்லை. அது விலை அதிகம். அதற்குப் பின்னால் விளக்கு எரிய வேண்டும். விளக்கு எரிந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். கருவியை வாங்கித் தருவது அப்பா என்றாலும், பேட்டரி வாங்கப் பிள்ளையின் பாக்கெட் மணிதானே போகும்?

இன்னொன்றும் சொன்னார். கரும்பலகையில் இரண்டு வட்டம் வரைந்து, இது பனிமனிதன் என்று சொன்னால், பார்ப்பவர் மனதில் பனியின் வெண்மை தானே வந்து விடும். மரம் என்றால் இலையின் பச்சை வந்து விடும் என்பது அவர் கருத்து. பல ஆண்டு சாக்பீஸ் பிடித்தவன் என்ற முறையில் நான் இதை அப்படியே ஒப்புக்கொள்வேன். வெள்ளைச் சாக்பீஸில் நான் வரைந்த கிளியைப் பச்சை என்று சொல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை!

ஆனால், எளிய திரை என்பதால் எல்லாம் எளிதாக முடிந்து விடவில்லை. முதலில் தேர்ந்தெடுத்த திரையை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால்தான் தெரிந்தது. கொஞ்சம் சாய்த்தாலும் படம் மங்கி மறைந்தது. மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்த தலைவர் யமவுச்சி, கண்ணுக்குத் தெரியாத கருவியை யார் வாங்குவார் என்று கோபப்பட்டு விட்டார். திட்டமே நின்று போகும் நிலை. தொழிற்சாலைக்கான ஏற்பாடுகளோ ஏற்கெனவே தொடங்கியிருந்தன. யோகோய்க்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளையாக, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஓரளவு தெளிவாகத் தெரியும் இன்னொரு வகைத் திரை கைக்குக் கிடைத்தது. அதை மாற்றிய பிறகே அவருக்கு மூச்சு வந்தது.

1989 ஏப்ரல் 21ம் தேதி ஜப்பானில் கேம் பாய் விற்பனைக்கு வந்தது. விலை 12,500 யென். சாம்பல் நிறத்தில், செங்கல் போல ஒரு கருவி. இடது பக்கம் கூட்டல் குறி. வலது பக்கம் இரண்டு பொத்தான்கள். டிவிப் பெட்டியின் கைப்பிடியில் இருந்த அதே அமைப்பு. அதனால் பிள்ளைகள் புதிதாக எதுவும் பழக வேண்டியிருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அந்தப் பென்சில் செல் நாலு போட்டால் சுமார் 15 மணி நேரம் ஓடும். இரண்டு கருவிகளை ஒரு வயரால் இணைத்து, நண்பர்கள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து போட்டியும் போடலாம். முதல் தடவை செய்த 3 லட்சமும் இரண்டே வாரத்தில் தீர்ந்தது.

அமெரிக்காவுக்குப் போனபோது, ரஷ்யாவில் அலெக்சி பஜித்னோவ் என்பவர் 1984ல் உருவாக்கிய 'டெட்ரிஸ்' விளையாட்டையும் சேர்த்துக் கொடுத்தனர். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்குவது. இதற்கு வண்ணம் எதற்கு? பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் அடுக்கினர். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் செங்கல் அடுக்கும் சின்ன கேம் விற்றதே, அது இந்த விளையாட்டைப் பார்த்துச் செய்ததுதான்.

போட்டிக்கு ஆள் வராமல் இருப்பார்களா? அட்டாரி கம்பெனி அதே 1989ல் 'லின்க்ஸ்' என்ற கருவியைக் கொண்டு வந்தது. சேகா கம்பெனி 1990ல் 'கேம் கியர்' கொண்டு வந்தது. இரண்டிலும் அருமையான வண்ணத் திரை, பின்னால் விளக்கு. பக்கத்தில் வைத்தால் கேம் பாய் பரிதாபமாகத் தெரியும். ஆனால், இரண்டுக்கும் ஆறு ஆறு செல் வேண்டும். அதுவும் நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்து விடும். நீண்ட ரயில் பயணத்தில் பாதி வழியிலேயே கருவி படுத்து விட்டால், வண்ணம் இருந்து என்ன பயன்? கடைசியில் ஜெயித்தது பாசி நிறத் திரைதான்.

அது உடம்பிலும் கெட்டி. 1991 வளைகுடாப் போரின்போது தீயில் சிக்கிய கேம் பாய் ஒன்று, மேல் பெட்டி உருகிக் கருகிய பிறகும் வேலை செய்தது. நியூயார்க்கில் உள்ள நிண்டெண்டோ கடையில் அதைப் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்தனர். 1993ல் அலெக்சாண்டர் செரெப்ரோவ் என்ற ரஷ்ய விண்வெளி வீரர், ஒரு கேம் பாயை மிர் விண்வெளி நிலையத்துக்கே எடுத்துப் போய் டெட்ரிஸ் விளையாடினார். வண்ணத் திரையோடு பின்னால் வந்த கேம் பாயையும் சேர்த்துக் கணக்கிட்டால், மொத்தம் விற்றது 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல்!

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். விளக்கு இல்லாததால் இருட்டில் அதில் எதுவும் தெரியாது. போர்வைக்குள் ஒளிந்து விளையாட நினைத்த பிள்ளைகள் டார்ச் லைட்டைத் தேட வேண்டியிருந்தது. அம்மாக்களுக்கு அது குறையாகத் தெரிந்திருக்காது!

அடுத்து யோகோய் செய்தது பெரிய தோல்வி. 'வர்ச்சுவல் பாய்' என்று அதற்குப் பெயர். 1995 ஜூலையில் வந்தது. நம் இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறு வேறு கோணத்தில் பார்ப்பதால்தான், எது கிட்டே, எது தூரத்தில் என்று நமக்குத் தெரிகிறது. அதே போல இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டி, விளையாட்டுக்குள்ளேயே நாம் நிற்பது போன்ற எண்ணத்தைத் தருவது திட்டம். மலிவாகவும், மின்சாரம் குறைவாகவும் கிடைத்தது சிவப்பு ஒளிப்புள்ளிகள்தான். எனவே, கறுப்புப் பின்னணியில் எல்லாமே சிவப்பு. கண்ணாடி போல மாட்டிக் கொள்ளலாம் என்று தொடங்கியது, கடைசியில் மேஜை மேல் கால் ஊன்றி நிற்கும் கனமான பெட்டியாகி விட்டது. குனிந்து முகத்தைப் புதைத்துப் பார்க்க வேண்டும். கழுத்து வலி, கண் வலி என்று புகார்கள். 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் பார்க்கக் கூடாது என்று கம்பெனியே எச்சரிக்கை போட்டது. விற்றது 8 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஓர் ஆண்டுக்குள்ளேயே மூட்டை கட்டி விட்டனர்.

கேம் பாயைக் காப்பாற்றிய அதே கொள்கைதானே இங்கேயும் இருந்தது? மலிவான பாகம், குறைந்த மின்சாரம், ஒரே நிறம்! ஆனால், கேம் பாயில் எதை விட்டாலும் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் வசதியை அவர் விடவில்லை. வர்ச்சுவல் பாயில் அதுவே போய்விட்டது. நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கவும் முடியாது.

1996 ஆகஸ்டில், 31 ஆண்டு வேலை பார்த்த நிண்டெண்டோவிலிருந்து யோகோய் விலகினார். தோல்வியால் துரத்தப்பட்டார் என்று ஊர் பேசியது. அப்படியில்லை, தனியாகத் தொழில் செய்ய வேண்டும் என்று முன்பே நினைத்திருந்ததுதான் என்று அவர் விளக்கம் சொன்னார். கிளம்புவதற்கு முன் ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டே போனார். கேம் பாயை இளைக்க வைத்து, டிவி ரிமோட்டுக்குப் போடும் மெல்லிய செல் இரண்டிலேயே ஓடும்படி செய்த 'கேம் பாய் பாக்கெட்' அது. அந்த ஆண்டு ஜூலையில்தான் கடைக்கு வந்தது.

சொந்த ஊரான கியோட்டோவில் 'கோட்டோ' என்ற சிறிய கம்பெனியைத் தொடங்கினார். பந்தாய் என்ற பொம்மைக் கம்பெனிக்காக, கேம் பாய்க்கே போட்டியாக ஒரு கைக்கருவியை வடிவமைக்க ஆரம்பித்தார். தான் பெற்ற பிள்ளையோடு தானே மோதத் தயாரான மனிதர்!

1997 அக்டோபர் 4ம் தேதி. இஷிகாவா மாவட்டத்தில் நெடுஞ்சாலையில் அவர் போன கார், முன்னால் போன லாரியில் இலேசாக மோதியது. யாருக்கும் பெரிய காயமில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க யோகோய் கீழே இறங்கினார். பின்னால் வேகமாக வந்த இன்னொரு கார் அவர் மேல் மோதி விட்டது. அப்போது அவருக்கு வயது 56.

அவர் தொடங்கி வைத்த கருவியை மற்றவர்கள் முடித்தனர். 'ஒண்டர் ஸ்வான்' என்ற பெயரில், 1999 மார்ச் 4ம் தேதி ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தது. விலை 4,800 யென். படுக்கையாகவும் பிடித்து விளையாடலாம். செங்குத்தாகவும் பிடித்து விளையாடலாம். திரையில் அப்போதும் வண்ணம் இல்லை. கேம் பாய்க்கு நாலு செல் வேண்டியிருந்தது அல்லவா? இதற்கு ஒரே ஒரு பென்சில் செல் போதும். அதோடு வந்த புதிர் விளையாட்டு ஒன்றில், துண்டு துண்டாகக் கிடக்கும் கோடுகளை மேலும் கீழும் நகர்த்தி, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை அறுபடாமல் இணைக்க வேண்டும். அந்த விளையாட்டுக்கு 'குன்பெய்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.